கெர்ன் காட்டில் தேட வேண்டாம்

பூட்ஸைக் கழுவிவிட்டுத்தான் வந்தேன், சார்ஜென்ட். உங்கள் தரையில் சேறு படாது. டீ வேண்டாம், வீட்டிலேயே குடித்தாயிற்று. நான் வந்தது ஒரு சின்ன விஷயத்துக்கு. மூன்று நாளாகக் கெர்ன் காட்டில் தேடிக்கொண்டிருக்கிற உங்கள் ஆட்களைத் திரும்பக் கூப்பிட்டுவிடுங்கள். நார்மன் அங்கே இல்லை. பாவம், மழையில் நனைகிறார்கள். அதோடு ஓடைக்கரை மேட்டை மிதித்துச் சகதியாக்குகிறார்கள். அந்த மேட்டில் வெள்ளை ஆர்க்கிட் பூக்கிற மாதம் இது.

எங்கே இருக்கிறான் என்று கேட்கிறீர்கள். அதற்கு வருகிறேன். முப்பத்திநாலு வருஷம் கடைத்தெருவில் மருந்துக்கடை நடத்தியவன் நான். எதையும் வரிசையாகச் சொல்லித்தான் பழக்கம்.

நார்மன் க்வில்லியம் எனக்கு நாற்பது வருஷ சிநேகிதன். தபால்காரனாக இருந்து ஓய்வு பெற்றவன். மேவிஸின் புருஷன் என்று சொன்னால் உங்களுக்குச் சட்டென்று தெரியும். பக்கத்து அறையில் அழுதுகொண்டிருக்கிறாளே, அவள்தான். நானும் நார்மனும் காட்டு ஆர்க்கிட் தேடுகிறவர்கள். வேறு கெட்ட பழக்கம் எங்கள் இரண்டு பேருக்கும் கிடையாது.

இந்தத் தேடலில் ஒரு வழக்கம் உண்டு. பூ இருக்கிற இடத்தை யாரிடமும் சொல்லமாட்டோம். கட்டின பெண்டாட்டியிடம்கூட. வடக்கே போவதென்றால் தெற்கே போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போவோம். சைக்கிளை ஒரு மைல் தள்ளி வேலிக்குள் ஒளித்துவைப்போம். ஊருக்குள் நுழைவதற்கு முன்னால் பூட்ஸைக் கழுவிவிடுவோம், ஏனென்றால் அடியில் ஒட்டின சருகையும் மண்ணையும் பார்த்தே எந்தக் காடு என்று சொல்லிவிடுகிற ஆட்கள் எங்கள் கூட்டத்தில் இருக்கிறார்கள். இடம் வெளியே தெரிந்தால் அடுத்த வாரம் அங்கே குழிதான் இருக்கும். பிடுங்கிக்கொண்டுபோய்த் தொட்டியில் வைத்துச் சாகடிப்பதற்கென்றே சிலர் இருக்கிறார்கள். அவர்களை நான் மனுஷர்களாகவே நினைப்பதில்லை.

எங்கள் பூவுக்குப் பேய் ஆர்க்கிட் என்று பேர். பச்சை என்பதே அதற்குக் கிடையாது. இலையும் இல்லை, வேரும் இல்லை. பவளத் துண்டு மாதிரி ஒரு கிழங்கு, மண்ணுக்கடியில் வருஷக்கணக்காகத் தூங்கும். என்றைக்காவது பீச் என்கிற காட்டு மரத்துச் சருகுக்கு நடுவே விரல் நீளத்துக்கு எழும்பும். பால் தூக்கலான டீயின் நிறம். கிட்டே குனிந்தால் பழுத்த வாழைப்பழ வாசனை. ஒரு வாரம் இருக்கும், அதற்குள் நத்தை தின்றுவிடும்.

இருபத்தொன்பது வருஷத்துக்கு முன்னால் நான் அதைப் பார்த்தேன். தனியாக. மாவட்டத் தாவரப் பதிவாளர் என்று ஒருவர் உண்டு. பூத்திருப்பதை அவர் தன் கண்ணால் பார்த்தால்தான் ஏட்டில் ஏறும். போட்டோ செல்லாது, வெளிநாட்டில் எடுத்துவந்து ஏமாற்றினவர்கள் இருக்கிறார்கள். நான் ஓடிப்போய்ப் பதிவாளரைக் கூட்டிவந்தபோது வெறும் காம்பு நுனிதான் மிச்சம். தொப்பியைப் போட்டுக்கொண்டு போய்விட்டார். அன்றிலிருந்து மதுக்கடையில் எனக்கு அதுதான் பேச்சு. "என்ன ஆப்ரி, இன்னைக்குப் பேய் ஏதாவது கண்ணுல பட்டுச்சா? இல்ல, ரெண்டாவது கிளாஸுக்கு அப்புறந்தான் படுமா?" இருபத்தொன்பது வருஷம், சார்ஜென்ட். என் மனைவி செத்த வாரத்தில்கூட ஒருத்தன் கேட்டான். நானும் சிரித்துவைத்தேன். உள்ளுக்குள் எவ்வளவு வலித்தது என்று யாருக்கும் தெரியாது.

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நார்மன் என் வீட்டுக்கு வந்தான். தொப்பியைக் கழற்றவில்லை.

"உன் பேய் வந்துடுச்சுய்யா. ஒத்தக் காம்பு, ரெண்டு மொட்டு. நீ பொய் சொல்லலய்யா. நான் பாத்துட்டேன்."

"அப்போ இத்தனை வருஷமா நீ என்னை நம்பலையா?"

"பாதி நம்பினேன். மீதிய நம்பத்தான் வருஷா வருஷம் உங்கூட வந்தேன்."

இரண்டு பேரும் அழுதோம். இரண்டு கிழவர்கள், சமையலறை மேஜையில் உட்கார்ந்து. அவனைவிட நல்லவனை நான் பார்த்ததில்லை; இதை எழுதிக்கொள்ளுங்கள்.

இப்போதைய பதிவாளர் மிஸ் வௌல்ஸ் ஸ்காட்லாந்தில் இருந்தார். போன் செய்தேன். வியாழக்கிழமை மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு என் வீட்டுக்கு வருகிறேன் என்றார். இடத்தை அவரிடமும் சொல்லவில்லை. அதுவரை நத்தை அண்டாமல் முறைபோட்டுக் காவல் காப்பது என்று பேசிக்கொண்டோம். திங்கள் காலை நார்மன் முறை. வழக்கம்போல மேவிஸிடம் கெர்ன் காட்டுக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டுக் கிளம்பியிருக்கிறான். நிஜ இடம் அதற்கு எட்டு மைல் எதிர்ப்பக்கம். அந்தப் பொய் அவன் சொன்னது, நான் சொன்னதில்லை.

பதினொரு மணிக்கு நான் போனேன். பூ இருப்பது ஒரு பள்ளத்துச் சரிவில். இறங்க ஒரே வழி, மூன்றடி அகலம். மொட்டு அந்த வழியிலேயேதான் நின்றது. நார்மன் கீழே கிடந்தான். ஒரு கால் திரும்பக்கூடாத பக்கம் திரும்பியிருந்தது. இறங்கும்போது மொட்டை மிதித்துவிடக்கூடாது என்று ஒதுங்கி வைத்த கால் வழுக்கிவிட்டது. என்னைப் பார்த்ததும் அவன் சொன்ன முதல் வார்த்தை, "பாத்துய்யா, பூ மேல கால வச்சுடாத." அவ்வளவு வலியிலும் அதைத்தான் சொன்னான். அவன் மனசு என்ன என்பதற்கு எனக்கு வேறு சாட்சி வேண்டியிருக்கவில்லை.

"இடுப்பெலும்பு போயிடுச்சுன்னு நினைக்கிறேன். ஆளைக் கூட்டிட்டு வா. முடிஞ்சா மேற்குப் பக்கமா இறங்கச் சொல்லு," என்றான்.

மேற்குப் பக்கம் முள்ளும் செங்குத்துப் பாறையும். யாரும் இறங்க முடியாது. வீட்டுக்குத் திரும்புகிற வழியில் யோசித்தேன். உங்கள் ஆட்கள் பன்னிரண்டு பேர், ஸ்ட்ரெச்சர், கயிறு, இரண்டு நாய். அந்த மூன்றடி வழியில். நான் மருந்து தெரிந்தவன். இடுப்பெலும்பு முறிந்த மனுஷன், குளிர் படாமல் பார்த்துக்கொண்டால், தண்ணீரும் வலி மாத்திரையும் நேரத்துக்குக் கொடுத்தால், மூன்று நாள் தாங்குவான். பூ தாங்காது. இதில் கோபப்பட என்ன இருக்கிறது?

இரண்டு கம்பளியும் மழைக்கோட்டும் பிளாஸ்க்கில் டீயும் மாத்திரையும் கொண்டுபோனேன். சொல்லியனுப்பியிருக்கிறேன், வருவார்கள் என்றேன். அவன் என் கையைப் பிடித்து நன்றி சொன்னான். அன்று சாயங்காலம் அவன் சைக்கிளை வேலியிலிருந்து எடுத்துக்கொண்டுபோய்க் கெர்ன் காட்டுப் பக்கம் வைத்தேன். அங்கேயே கிடந்தால் யாராவது திருடிவிடுவார்கள்.

செவ்வாய்க்கிழமை நானும் உங்களோடு கெர்ன் காட்டில் தேடினேன், ஞாபகம் இருக்கிறதா? பெயர் சொல்லிக் கூப்பிட்டேன், தொண்டை கட்டிப்போனது. மேவிஸ் எல்லாருக்கும் சாண்ட்விச் கட்டிக்கொண்டு வந்திருந்தாள். "ஆப்ரி, நீங்களாவது ரெண்டு எடுத்துக்கோங்க. உங்களுக்கு ஏதாவது ஆயிட்டா அவர் என்னைச் சும்மா விடமாட்டார்," என்றாள். இரண்டையும் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். என் பங்கை நான் தின்னவில்லை. நார்மனுக்குக் கொண்டுபோனேன்.

ஒரு கடி கடித்தான். நிறுத்திவிட்டான்.

"இது மேவிஸ் போட்ட ஊறுகாய்."

"ஆமா."

"அப்போ அவளைப் பாத்திருக்க. அவ எங்கய்யா? ஏன் வரல?"

பிளாஸ்க்கைத் திறந்து அவனுக்கு டீ ஊற்றினேன். பொய் சொல்ல எனக்குப் பிடிக்காது. அவன் சாண்ட்விச்சையே பார்த்துக்கொண்டிருந்தான். தபால்காரன், கூட்டிக் கழித்துப் பார்க்க அவனுக்கு நேரமாகாது.

"கெர்ன்ல தேடுறாங்களா?"

"வியாழக்கிழமை வரைக்கும் பொறுய்யா. மிஸ் வௌல்ஸ் பாத்துடட்டும். அப்புறம் பட்டாளத்தையே கூட்டிட்டு வரேன்."

அவன் முதலில் சிரித்தான். "அடப்பாவி, உன் பேயைக் கண்டுபிடிச்சுக் கொடுத்ததுக்கு என்னையே பேயாக்கிடுவ போலிருக்கே," என்றான். பிறகு அழுதான். பிறகு கழுத்தில் கட்டியிருந்த விசிலை எடுத்து ஊத ஆரம்பித்தான். அந்த நிலைமையில் மூச்சை அப்படி வீணாக்குவது நல்லதில்லை. விசிலைக் கழற்றி வாங்கிக்கொண்டேன். இதோ, உங்கள் மேஜைமேல் வைக்கிறேன். மேவிஸிடம் கொடுத்துவிடுங்கள், அவள் வாங்கிக்கொடுத்தது.

புதன்கிழமை மழை. அவனுக்குக் காய்ச்சல் கண்டிருந்தது. மேவிஸிடம் சொல்லமாட்டேன், தானாகத்தான் விழுந்துகிடந்தேன் என்று சொல்லிக்கொள்கிறேன், பூட்ஸைக் கழற்றிவிட்டு வரச்சொல், பூவைச் சுற்றிக் கூடை கவிழ்த்துவை என்று என்னென்னவோ பேரம் பேசினான். கேட்கவே கஷ்டமாக இருந்தது. நான் அவனுக்கு மாத்திரை கொடுத்தேன், முகம் துடைத்துவிட்டேன். சாயங்காலம் நாலு மணிக்கு மேல்மொட்டு விரிந்தது, சார்ஜென்ட். அவன் கிடந்த இடத்திலிருந்து தெரியாது என்பதால் நானே விவரித்தேன். பூவின் உதட்டிதழில் ரோஸ் புள்ளி, மெழுகு மாதிரி மினுமினுப்பு, அந்த வாழைப்பழ வாசனை. அவன் கண்ணை மூடிக்கொண்டு கேட்டான். அவனுக்குச் சந்தோஷம் என்றுதான் நான் நினைத்தேன். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன்.

இன்று காலை எட்டு மணிக்குப் போனேன். பள்ளத்தின் அடியில் அவன் இல்லை. கம்பளி மட்டும் கிடந்தது. அந்த இடுப்போடு, கையை ஊன்றி, ஏழடி மேலே ஊர்ந்து வந்திருக்கிறான். சேற்றில் நகக்கீறல் வரிசையாகத் தெரிந்தது. பூ நின்ற இடத்தில் குழி இருந்தது. அவன் கைமுட்டிக்குள் பூவும் காம்பும் கிழங்கும் இருந்தன.

"இப்போ பூ இல்ல ஆப்ரி," என்றான். குரலே வரவில்லை. "இனிமே மிதிக்க ஒண்ணுமில்ல. போய் ஆளைக் கூப்பிடு. அதுக்கு முன்னால கொஞ்சம் தண்ணி குடுய்யா."

காய்ச்சல் வேகத்தில் செய்தது. புத்தி தெளிவாக இருந்தால் நார்மன் ஒரு புல்லைக்கூடப் பிடுங்கமாட்டான். அதனால் எனக்கு அவன்மேல் கோபமே இல்லை. உட்கார்ந்து ஒவ்வொரு விரலாகப் பிரித்தேன். கிழங்கு உடையாமல் இருந்தது. அதே குழியில் வைத்து, மண்ணைத் தள்ளி, சருகு மூடினேன். என்னால் அழுகையை அடக்க முடியவில்லை. மண் சரியாக அமரவேண்டுமென்றால் உடனே ஈரம் வேண்டும். பாட்டிலில் இருந்த தண்ணீரை முழுக்க அதற்கு ஊற்றினேன். அவன் உதட்டை நக்கிக்கொண்டு பாட்டிலையே பார்த்தான்.

பிறகு வீட்டுக்கு வந்து மிஸ் வௌல்ஸுக்கு, அவர் தங்கியிருந்த விடுதிக்குப் போன் செய்தேன். அவ்வளவு தூரம் வீணாக வரவேண்டாம் என்று சொன்னேன். பிறகு டீ குடித்தேன், பூட்ஸைக் கழுவினேன், இங்கே வந்தேன்.

கடிகாரத்தைப் பார்க்கிறீர்கள். பத்தே முக்கால்தான் ஆகிறது. நான் அங்கிருந்து கிளம்பும்போது எட்டு இருபது. ஆமாம், மூச்சு இருந்தது. கண் திறந்திருந்தது. என் பெயரை இரண்டு தடவை சொன்னான்.

எந்தக் காடு என்று கத்தாதீர்கள், மேவிஸுக்குக் கேட்கும். நான் ஒன்றையும் மறைக்கவில்லையே, செய்தது அத்தனையும் சொல்லிவிட்டேன். இடத்தை மட்டும் சொல்வது எங்களுக்கு வழக்கமில்லை. கிழங்கு மண்ணில் தங்குவதற்கு இரண்டு நாளாவது அந்த வழியில் யாரும் கால் வைக்கக்கூடாது. சனிக்கிழமை நானே உங்களைக் கூட்டிப்போகிறேன். நார்மனாக இருந்தாலும் இதைத்தான் சொல்வான்.

என் பூட்ஸை எதற்குக் கழற்றித் தரச் சொல்கிறீர்கள்? திருப்பித் திருப்பிப் பார்த்து என்ன பிரயோஜனம், சார்ஜென்ட்? வந்ததுமே சொன்னேனே, கழுவிவிட்டுத்தான் வந்தேன் என்று.