கம்பத்தில் ஏறியவனின் சாவி

எனக்குத் தேநீரில் சர்க்கரை வேண்டாம், இன்ஸ்பெக்டர். தொண்டைக்கு ஆகாது. வானொலியில் பேசிப் பிழைப்பவனுக்குக் குரல்தானே சோறு போடுகிறது.

இங்கிலாந்தின் எசெக்ஸ் கரைக்கு நான்கு மைல் தள்ளி நங்கூரமிட்ட கப்பலிலிருந்து பாட்டு ஒலிபரப்பினோம். அறுபத்தேழில் அது குற்றம் என்று சட்டம் வந்தது. புனைபெயரில் பேசியதால் அதற்குப் பிறகும் ஆறு வருடம் தாக்குப்பிடித்தேன். பிறகு அரசாங்கமே தனியார் நிலையங்களுக்கு உரிமம் தருகிறேன் என்றது. சட்டத்தை மீறியவனுக்குக் கிடையாது. நான் மீறவில்லை என்று கப்பலின் எஞ்சினியர் வில்ஃப் கரோட் எழுதித் தர வேண்டும்.

கேட்டதும் வில்ஃப் சிரித்தான். "திருட்டுத்தனமா பாட்டுப் போட்ட பய, இப்போ கோட்டு மாட்டிக்கிட்டு லைசென்ஸ் கேக்குறியா மாரிஸு? இரு, உன் வண்டவாளத்தையெல்லாம் எழுதிக் குடுக்குறேன்."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. நாற்பத்தொரு வயதில் எனக்கு வேறு தொழில் தெரியாது. பயந்துவிட்டேன்.

கடற்காற்றில் ஒலிபரப்புக் கம்பத்தின் மின்காப்புப் பீங்கான்களில் உப்புப் படியும். வாரம் ஒருமுறை ஒலிபரப்பை நிறுத்தி, ஏறிக் கழுவுவோம். ஏறுபவன் மின்விசைச் சாவியைத் தன் சட்டைப்பையில் போட்டுக்கொள்வான்; அது இல்லாமல் யாரும் கம்பத்துக்கு மின்சாரம் போட முடியாது. கேப்டன்கூட அதைக் கேட்க மாட்டார். இரண்டு வாரம் முன்பே ஹார்விச் துறைமுகத்தில் இன்னொரு சாவி செய்து வைத்திருந்தேன்.

அந்தச் செவ்வாய் மதியம் மற்றவர்கள் சாமான் வாங்கக் கரைக்குப் போயிருந்தார்கள். வில்ஃப் உச்சிக்குப் போனதும் விசையைப் போட்டேன். அவன் கைகள் கம்பியோடு ஒட்டிக்கொண்டன. சட்டை புகைந்தது. ஒரு பாட்டு ஓடும் நேரம் விட்டுவைத்து, பிறகு நிறுத்தினேன். கப்பல் தளத்தில் விழுந்தான்; இடுப்பு ஒடிந்தது. உயிர் இருந்தது.

"மாரிஸு, சாவி எங்கிட்டதானே இருக்கு?" என்றான்.

ஸ்பேனரால் மூன்று முறை தலையில் அடித்தேன். மூன்றாவது தேவைப்பட்டிருக்காது. பிறகு அவன் சாவியை எடுக்கச் சட்டைப்பையில் கைவிட்டேன். மடித்த காகிதம் ஒன்றும் வந்தது. சட்டம் வந்த பிறகு மாரிஸ் டில்லட்சன் எங்கள் கப்பலில் பேசியதே இல்லை என்று எழுதி, சனிக்கிழமையே கையெழுத்துப் போட்டிருந்தான்.

சங்கிலியைக் கட்டி அவனைக் கடலில் இறக்கினேன். கடலில் தவறி விழுந்தான் என்று எல்லோரிடமும் சொன்னேன். காகிதத்தின் ஓரத்து ரத்தத்தை ஈரத்துணியால் ஒற்றியெடுத்து, விண்ணப்பத்தோடு இணைத்தேன். உரிமம் கிடைத்தது.

நீங்களே சொல்லுங்கள். சனிக்கிழமையே கொடுத்துத் தொலைத்திருக்கக் கூடாதா? விளையாட்டுக்காக என்னை எந்த அளவுக்குக் கொண்டுபோய் விட்டுவிட்டான், பாருங்கள்.