காணாமல் போகாத கணவரைப் பற்றி நெலிடா ஒலைசோலா சொன்னது

என் கணவர் எபெர் பெராஸ்ஸா, வயது 76, காணாமல் போகவில்லை. வீட்டில் பின்னறைக் கட்டிலில் இருக்கிறார். அவரை நேரில் பார்த்துக் காவலர் வாஷிங்டன் பிரிஸ் இன்று மாலை காவல் நிலையத்துக்குத் தெரிவித்தது சரி. நான் திரும்பும்வரை பிரிஸ் அவரோடு இருக்கிறார்.

என் பெயர் நெலிடா ஒலைசோலா, வயது 71. பைசாந்து நகரில், துறைமுகத்துக்குப் போகும் தெருவில் நாங்கள் இருவர் மட்டும் வசிக்கிறோம்.

கணவருக்கு மறதி நோய். போன குளிர்காலத்திலிருந்து அவருக்கு என்னை அடையாளம் தெரிவதில்லை. மாலையில் மாத்தே இலை போட்ட சுரைக்குடுவையில் வெந்நீர் ஊற்றி, ஒரே குழலில் மாறி மாறி உறிஞ்சுவது எங்கள் வழக்கம். போதும் என்றால்தான் நன்றி சொல்வோம். இப்போது அவர் முதல் முறையிலேயே, "ரொம்ப நன்றிங்கம்மா, உங்களுக்கு எதுக்குச் சிரமம்?" என்று குடுவையைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறார். அதன் பிறகு மிச்சத்தை நான் தனியாகக் குடிப்பேன். அக்கம்பக்கத்தாரைத் திருடர்கள் என்று அவர் ஏசியதால் யாரும் வருவதில்லை.

மார்ச் மாதம் அவர் உண்மையாகவே வெளியே போய்விட்டார். பிரிஸ் படகுத்துறையில் கண்டுபிடித்துக் கூட்டிவந்தார். அதன் பிறகு பிரிஸ் சமையலறையில் உட்கார்ந்து என்னோடு மாத்தே குடித்தார், தன் மாமியார் கதை சொன்னார், நான் சிரித்தேன். வெந்நீர் பிளாஸ்க் காலியாகும்வரை அவர் நன்றி சொல்லவில்லை.

அதன் பிறகு ஏப்ரலில் ஒரு முறையும் இன்றும், கணவர் தூங்கும்போது, அவரைக் காணவில்லை என்று நிலையத்துக்குத் தொலைபேசினேன். ஏப்ரலில், அவரே திரும்பிவிட்டார் என்று சொல்லிச் சமாளித்தேன். இன்று பிரிஸ் வீட்டுக்கு வந்தபோது வேறு இரண்டு காவலர்கள் ஆற்றங்கரையில் தேடிக்கொண்டிருந்தது எனக்குத் தெரியாது. சமையலறையில் பிரிஸ் ஒரு கையில் குடுவையோடு விவரம் எழுதும்போது பின்னறையில் இருமல் கேட்டது.

"காணாமப் போனவரு இருமுறாரும்மா."

"அது பக்கத்து வீட்டு நாய்."

"நாய்க்கு நெஞ்சுச்சளி போல. கஷாயம் வச்சுக் குடுங்க."

அதன் பிறகு மிச்சத்தை உறிஞ்சி முடித்து, குடுவையை என் கையில் கொடுத்து, "நன்றி, நெலிடாம்மா" என்றார். அதன் பிறகுதான் பின்னறைக்குப் போனார்.

கணவரை என்னிடமே விடுவதா, முதியோர் இல்லத்துக்கு அனுப்புவதா என்று முடிவு செய்ய, சமூகநல அதிகாரி ஒருவர் வியாழக்கிழமை மாலை வீட்டுக்கு வருவார் என்று இங்கே நிலையத்தில் சொன்னார்கள். கணவரை அனுப்ப எனக்குச் சம்மதம் இல்லை. வருகிற அதிகாரி மாத்தே குடிப்பவரா என்று கேட்டேன். தெரியாது என்றார்கள்.

எழுதியதைப் படித்துக் காட்டக் கேட்டேன். நான் சொன்னபடியே இருக்கிறது, எதுவும் பொய்யில்லை.

(ஒப்பம்) நெலிடா ஒலைசோலா