பழைய சலவை மெஷினைத் தர மறுத்தது குறித்து

நேற்றுக் காலை என் வீட்டு வாசலில் நின்று காவலர் ஒருவர் என்னைக் கேட்டார்: “புது மெஷினே தர்றேங்கிறாங்க. பழசைக் கட்டிப்பிடிச்சுக்கிட்டு நிக்கிறீங்களே, ஏன் டீச்சர்?” சலவை மெஷின் நிறுவனத்தின் வேன் ஆட்களை நான் வேலை செய்யவிடாமல் தடுத்ததாகப் புகார் வந்திருக்கிறது என்றும் சொன்னார். அந்தக் கேள்விக்கு என் பதிலாக, இன்று நானே நிலையத்துக்கு வந்து இந்த வாக்குமூலத்தைத் தருகிறேன்.

என் பெயரும் முகவரியும் தனித்தாளில் உள்ளன. வயது அறுபத்தெட்டு. முப்பத்து நான்கு ஆண்டுகள் இயற்பியல் கற்பித்து ஓய்வு பெற்றவள். என்னைவிட ஆறு வயது இளைய தங்கையுடன் மாடி வீட்டில் வசிக்கிறேன்.

இந்த மாதம் நான்காம் தேதி காலை மெஷினில் துணி போட்டு ஓடவிட்டபோது வீடு முழுவதும் மின்சாரம் நின்றது. மின்கசிவு ஏற்பட்டால் இணைப்பைத் துண்டிக்கும் டிரிப்பர் விழுந்திருந்தது. தங்கை, “அக்கா, உன்னை மாதிரியே இதுக்கும் கோபம் வருது, வீட்டையே இருட்டாக்கிடுது” என்று சிரித்தாள். அதன் பிறகு நான் வெந்நீர் இல்லாமல் குளிர்ந்த நீரில் ஓடவிட்டேன். ஹீட்டரில் கசிவு என்றால் இப்போது விழக்கூடாது. தண்ணீர் நிரம்பும் வரை ஒன்றுமில்லை. டிரம் சுற்றத் தொடங்கிய நொடியில் விழுந்தது. மூன்று முறை செய்தேன், மூன்று முறையும் அதே நொடி. ஆகவே கசிவு மோட்டாரில் என்று முடிவு செய்து நிறுவனத்துக்குத் தொலைபேசியில் சொன்னேன்.

ஆறாம் தேதி அவர்களுடைய மெக்கானிக் வந்தார். சுழலும் மோட்டாருக்கு மின்சாரம் தரும் கார்பன் பிரஷ் தேய்ந்து, படிந்த தூள் வழியே மின்சாரம் கசியலாம், கழற்றிப் பாருங்கள் என்றேன். “டீச்சரம்மா, இது ஸ்கூல் இல்ல. மோட்டார் நல்லா இருக்கு, உங்க டிரிப்பர்தான் பழுது. அதை எடுத்துட்டு சாதா சுவிட்ச் போட்டுக்குங்க” என்றார். டிரிப்பரில் கை வைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டேன். அதன் பிறகு அவர் மெஷினைத் திருப்பி, பின் தகட்டைக் கழற்றி, பத்து நிமிடத்தில் மூடி, ஓட்டிக் காட்டினார். டிரிப்பர் விழவில்லை. “பாத்தீங்களா?” என்றார். பழுது சரிசெய்யப்பட்டது என்ற தாளில் நான் கையெழுத்திட்டேன்.

இங்கே என் தவறையும் பதிவு செய்ய வேண்டும். வழிமுறை எழுதாமல் விடையை மட்டும் எழுதிய பிள்ளைகளுக்கு நான் ஒருநாளும் மதிப்பெண் போட்டதில்லை. அந்த மனிதரிடம், என்ன செய்து சரியாக்கினீர்கள் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. துணி துவைத்தால் போதும் என்று இருந்துவிட்டேன்.

அதன் பிறகு இரண்டு முறை மெஷின் ஒழுங்காக ஓடியது. பதின்மூன்றாம் தேதி காலை பதினோரு மணிக்கு மெஷின் ஓடிக்கொண்டிருக்கையில் குழாய் இணைப்பில் நீர் சொட்டியதால், தங்கை வலது கையை மெஷின் கதவின் கீலில் ஊன்றிக்கொண்டு இடது கையால் சுவரிலிருந்த இரும்புக் குழாயை மூடப் போனாள். நான் கேட்டது “அக்…” என்ற பாதிச் சொல்லும் வாளி உருளும் சத்தமும் மட்டுமே. அதே நொடியில் டிரிப்பர் விழுந்தது. பழுது என்று அவர் சொன்ன அந்த டிரிப்பரால்தான் என் தங்கை உயிரோடு இருக்கிறாள். கீழே விழுந்ததில் இடுப்பு எலும்பு முறிந்து அறுவை சிகிச்சை நடந்துள்ளது. மறுபடி நடப்பாளா என்று மருத்துவர் இன்னும் சொல்லவில்லை.

அன்று மாலை கீழ்வீட்டுத் தையற்காரரைச் சாட்சியாக வைத்துக்கொண்டு, பிளக்கைக் கழற்றிவிட்டு, பின் தகட்டைத் திறந்தேன். உள்ளே எர்த் கம்பி, பச்சையும் மஞ்சளுமானது, கட்டரால் நேராக வெட்டப்பட்டு, முனையில் புதுக் கறுப்பு டேப் சுற்றப்பட்டிருந்தது. மோட்டாரின் இணைப்பைக் கழற்றி, மின்தடையை அளக்கும் மல்டிமீட்டரை வைத்தபோது, உள்ளே உள்ள கம்பிச் சுருளுக்கும் மோட்டார் உடலுக்கும் இடையே இலட்சக்கணக்கில் இருக்க வேண்டிய ஓம் அளவு வெறும் நாலாயிரம் காட்டியது. தையற்காரர், “என்னங்க டீச்சர், துணி கிழிஞ்சா தைக்காம, கிழிசல் தெரியாதபடி மடிச்சு வச்ச மாதிரி இருக்கு” என்றார். அதைவிடச் சரியாக என்னால் சொல்ல முடியாது. எர்த் கம்பி என்பது குளியலறைத் தரையில் உள்ள வடிகால் போன்றது. குழாய் ஒழுகுகிறது என்று புகார் சொன்னால், வடிகாலை அடைத்துவிட்டு, இனி நீர் போகும் சத்தம் கேட்காது என்கிறார்கள். கசிந்த மின்சாரம் போக வழியில்லாமல் மெஷினின் உடலிலேயே காத்திருந்தது, என் தங்கையின் கைக்காக.

பதினைந்தாம் தேதி நிறுவனத்தின் மேலாளர் ஆஸ்பத்திரிக்கே வந்து, ஈரக் கையால் தொட்டது உங்கள் தங்கையின் கவனக்குறைவு என்றும், பழுது நீங்கியதாக நானே கையெழுத்துப் போட்டிருப்பதாகவும் சொன்னார். துணி துவைக்கும் மெஷினை ஈரக் கையால் தொடாமல் வேறு எந்தக் கையால் தொடுவது என்று கேட்டேன். பழசை எடுத்துக்கொண்டு புது மெஷின் தருகிறோம் என்றார்; மறுத்துவிட்டேன். மறுநாள், அதாவது நேற்று, சொல்லாமல் வேன் வந்தது. அந்த மெஷின் வாசல் தாண்டினால் வெட்டிய கம்பி ஒட்டப்பட்டுவிடும், தவறு முழுவதும் என் தங்கையின் ஈரக் கையில் போய் நிற்கும். ஆகவே கதவைப் பூட்டி, குறுக்கே நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். தடுத்தது உண்மை. மீண்டும் வந்தால் மீண்டும் தடுப்பேன்.

மெஷினைக் காவல் துறை முத்திரையிட்டு, இரு தரப்பார் முன்னிலையில் மின் ஆய்வாளரைக் கொண்டு சோதிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

எழுதியதை எனக்குப் படித்துக் காட்டினார்கள். நான் கண்டதும் அளந்ததும் மட்டுமே இதில் உள்ளன, ஊகம் ஏதுமில்லை. யாருடைய வற்புறுத்தலும் இன்றிக் கையெழுத்திடுகிறேன்.

(ஒப்பம்)
ஓய்வு பெற்ற ஆசிரியை

கையெழுத்துக்குக் கீழே, என் வேண்டுகோளின் பேரில் சேர்க்கப்பட்டது: இதைப் படிப்பவர் யாராக இருந்தாலும், இன்று வீட்டுக்குப் போனதும் மெஷினின் பிளக்கைக் கழற்றி, அந்தப் பிளக்கின் தடித்த எர்த் முள்ளில் மல்டிமீட்டரின் ஒரு முனையையும், மெஷினில் பெயின்ட் இல்லாத ஓர் உலோகத் திருகில் மறுமுனையையும் வையுங்கள், ஏறக்குறைய பூஜ்ஜியம் ஓம் காட்டாவிட்டால் அந்தப் பிளக்கை மறுபடி செருகாதீர்கள்.