அவனுக்கு என்ன வார்த்தை?

அன்னவாசலிலிருந்து இலுப்பூர் போகும் டவுன் பஸ்ஸில், என் முன் சீட்டில் ஒரு தாயும் மகளும் உட்கார்ந்திருந்தார்கள். மகளின் கழுத்தில் காலேஜ் அடையாள அட்டை தொங்கியது. தாலுகா ஆபீஸில் கொடுக்க வேண்டிய உதவித்தொகை விண்ணப்பத்தை மடியில் வைத்து நிரப்பிக்கொண்டிருந்தாள்.

"இந்த ரெண்டு இங்கிலீஷ் வார்த்தையில நான் எதுடி?" என்று அம்மா கேட்டது காதில் விழுந்தது.

"டெஸ்டிடியூட்டுன்னா ஆதரவில்லாதவங்க. டெசர்ட்டடுன்னா புருசன் விட்டுட்டுப் போனவங்க."

"நானா ஆதரவில்லாதவ? சித்தாள் வேலைக்குப் போயி ஒன்னைய காலேஜ் வரைக்கும் படிக்க வைக்கிறேன். அதைப் போடாத."

"அப்ப டெசர்ட்டடுதான்மா."

"விட்டுட்டுப் போனது ஒங்கப்பன். அது எப்புடி எனக்குப் பேராகும்?"

"கைவிடப்பட்டவங்கன்னு அர்த்தம். இங்கிலீஷ்ல அப்புடித்தான் வரும்."

"கைவிடுறதுக்கு, என்னைய எப்ப அவன் கையில வச்சிருந்தான்?"

மகள் டெசர்ட்டட் என்ற வார்த்தைக்குப் பக்கத்தில் டிக் அடித்தாள். பஸ் குலுங்கியதில் கோடு இழுத்துக்கொண்டு போனது.

கொஞ்ச நேரம் கழித்து அம்மா மறுபடியும் கேட்டாள்.

"சரி, அவனுக்கு என்ன வார்த்தை போட்டிருக்கு?"

மகள் தாளைத் திருப்பி இரண்டு பக்கமும் பார்த்தாள்.

"அப்பாவுக்கு ஒண்ணும் இல்லம்மா. பேரு மட்டுந்தான் கேட்டிருக்காங்க."

அம்மா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"தப்பில்லாம எழுது. அவன் பேருல தப்பிருந்தாலும் நம்மளத்தான் திருப்பி அனுப்புவாங்க."