பாடு இல்லாதவனோட மைக்கு

செருப்பு இருக்கட்டும் சார், அப்டியே உள்ள வாங்க. வூடெல்லாம் மணலுதான். ஒயர்லெஸ் ஆபீஸ்லேர்ந்து ஒரு ஆபீசர் இந்தக் கோட்டைக்குப்பத்துக்கு வர்றதுன்னா சும்மாவா! ஆமா சார், நான்தான் துளசிங்கம். போட்டு இன்ஜின் மெக்கானிக்கு. ஹாம் ரேடியோ லைசென்ஸு முடிஞ்சு மூணு வருசமாகியும் பீஸு கட்டாத அந்த மகாராசன் நானேதான்.

அதுவா? ஆன்டெனா கம்பிதான் சார். அதுல தொங்குறது வாளை மீனு. என் சம்சாரம் சாமுண்டீஸ்வரி காயப் போட்டுகிறா. அவ்ளோ ஒசரத்துல பூனை ஏறாதாம். என் படிப்புக்கு இந்த வூட்ல அவ்ளோதான் மரியாதை.

பெட்டிசன்ல இன்னா போட்டுகிது? லைசென்ஸ் இல்லாம தெனம் சாயந்தரம் பேசுறேன்னா? அக்கம்பக்கத்து டிவியெல்லாம் கொர்ர்ருன்னுதா? பேரு இல்லாத மொட்டை பெட்டிசனா? சரி, வெச்சுக்கோங்க. அத்த அப்பால பேசலாம்.

மொதல்ல கேளுங்க. ஒரு புயலப்போ கரண்டு போச்சு, செல்லு போச்சு. மெட்ராஸ்லேர்ந்து ஹாம் கிளப்புகாரங்க நாலு பேரு வந்து, ஒரு ஒயர்லெஸ் பொட்டி, ஒரே ஒரு பேட்டரிய வெச்சிகினு வெளியூருங்களோட பேசிகினு இருந்தாங்கோ. பார்த்ததும் எனக்குக் கிறுக்கு புடிச்சிகிச்சு. பரீட்சை எழுதுனேன். ரெண்டு தபா பெயிலு. மூணாவது தபா பாஸு. திருத்துனவருக்கே அலுத்துப் போயிருக்கும்.

மொத மொதல்ல மைக்கு சுச்சை அமுக்கி, யாராச்சும் இருக்கீங்களான்னு கூப்ட்டேன் சார். இருக்கேன்னு ஒரு குரலு. அமெரிக்காவா, ஜப்பானான்னு குதிச்சேன். ஆரம்பாக்கமாம். எங்க ஏரிக்கு அந்தாண்ட. வீரராகவன்னு பேரு, ரிட்டையரான பஸ் கண்டக்டரு. அன்னிலேர்ந்து தெனம் ஆறரைக்கு அவரும் நானும். பன்னெண்டு வருசம்! இன்னா பேசுனீங்களா? இன்னிக்கு இன்னா கொழம்புண்ணா, மூட்டு வலி எப்டிகிது, இதான். ஒலகத்தோட பேசுற மிசினை வெச்சிகினு கொழம்பு விசாரிச்சவன் நான் ஒருத்தனாத்தான் இருப்பேன்.

பீஸு விசயத்துக்கு வரேன் சார். மீஞ்சூர்ல ஹாம்காரங்க ஒரு கூட்டம் போட்டாங்க. எவனோ என் கையில மைக்க குடுத்துட்டான். குடுக்கலாமா? புயல்ல நாங்க ஓசில ஒழைக்கிறோம், ஒத்த காசு வாங்கல, எங்ககிட்டயே பீஸு கேக்குறது இன்னா நாயம்? காத்து இன்னா கவருமெண்டு வூட்டு சொத்தான்னு முழங்குனேன். கை தட்டுனாங்கோ சார். கை தட்டுனா எனக்கு புத்தி கலண்டுக்கும்.

அப்போதான் வீரராகவண்ணன் எந்திரிச்சாரு. நேர்ல அன்னிக்குத்தான் மூணாவது தபாவோ நாலாவது தபாவோ பார்க்குறேன். மெதுவாத்தான் கேட்டாரு. துளசிங்கம், உங்க ஏரியும் பொதுதான? பாடு இல்லாதவன் வலை போட்டா வுட்டுடுவியா?

பாடுன்னா தெரியாதா சார்? எந்த எடத்துல எந்த நாளு யாரு வலை போடணும்னு சீட்டு குலுக்கி முறை வெச்சிருப்போம். முறை இல்லாத நாள்ல ஒருத்தன் போட்டான்னா ஊரு தெண்டம் போடும். கட்டிட்டான்னா அதோட தீந்துச்சு. மறுநாளு அவன் தோள் மேல கை போட்டுகினு போவோம். பழச எவனும் கிளற மாட்டான்.

அத்த எடுத்து என் மூஞ்சிலயே வுட்டாரு. அதோட நான் உக்காந்துருக்கணும். நான் உக்காரல. இந்த துளசிங்கம் தானா போய் இனிமே பீஸு கட்டுனான்னா அரை மீசையோட சுத்துவான்னுட்டேன். அதுக்கும் கை தட்டுனாங்கோ. அந்த மாசமே லைசென்ஸு முடிஞ்சுது. லைசென்ஸ் இல்லாதவனோட ஹாம்காரங்க பேசமாட்டாங்க, அது உங்களுக்கே தெரியும். அவரும் பேசல.

போனா? நம்பர் இருக்குது சார். ஆனா போன்ல எவன் மொதல்ல கூப்பிடுறானோ அவன் எறங்கி வந்தவன். ரேடியோல அந்தப் பேஜாரு இல்ல. யாராச்சும் இருக்கீங்களான்னு பொதுவா கூப்பிடலாம். யாருக்காக கூப்ட்டோம்னு கூப்ட்டவனுக்கும் கேட்டவனுக்கும்தான் தெரியும்.

அவரு கூப்பிடுறாரு சார். தெனம் ஆறரைக்கு. யாராச்சும் இருக்கீங்களான்னு மூணு தபா. அஞ்சு நிமிசம் பார்ப்பாரு. அப்பால இருமிட்டு மூடிடுவாரு. நான் இங்க குந்திகினு கேட்டுகினு இருப்பேன், மைக்க கையில வெச்சிகினு.

பேசுவேனா? அந்த மைக்க எடுத்துப் பாருங்க. நல்லா வெளிச்சத்துல பாருங்க. சுச்சு சந்துல இன்னா கீது? சிலந்தி வூடு கட்டிகிது. மூணு வருசமா ஒரு தபா கூட அமுக்கல சார். ஊருக்கு நான் புரட்சிக்காரன். உள்ளுக்குள்ள, பாடு இல்லாத நாள்ல வலை போட்டுப் பழகாத கையி. அமுக்க வரல.

அப்போ பெட்டிசன் பொய்யான்றீங்க. பொய்தான் சார். அப்பட்டமான பொய்யி.

பத்து நாளு முன்ன வீரராகவண்ணன் வேற யாரோடயோ பேசிகினு இருந்தாரு. மாசி பொறந்ததும் மக வூட்டோட ஓசூருக்கே போறாராம். ஆன்டெனாவ கழட்டி வித்துடப் போறாராம். கேட்டுட்டு அழுதேன் சார். இந்த வயசுல, ஒரு கண்டக்டருக்காக. சாமுண்டி பார்த்துட்டு, போய் பீஸ கட்டித் தொலையேன்னா. மீசை கீதே சார், மீசை!

அன்னிக்கு ராத்திரியே குந்தி எழுதிட்டேன். எத்தயா? உங்க கையில கீதே, அத்ததான். டிவி கொர்ர்ருன்னுதுன்றதெல்லாம் நானா சேர்த்தது. வெறுமன பேசுறான்னு எழுதுனா வருவீங்களோ மாட்டீங்களோன்னு. தெருவுல யாரையும் கேக்காதீங்க, எவன் வூட்லயும் டிவி எரையல.

சிரிக்காதீங்க சார். பொய் பெட்டிசனுக்குத் தனியா தண்டனை உண்டுன்னா அதையும் சேர்த்துப் போடுங்க. நான் தானா கட்டுனா தோத்தவன். நீங்க தெண்டம் போட்டு, கூடவே லைசென்ஸையும் புதுப்பிடான்னு கையெழுத்து வாங்கிட்டா, அது ஊர் வழக்கம். அண்ணனும் பழச கிளறமாட்டாரு. போறப்போ வாசல்ல நின்னு கொஞ்சம் சத்தமா திட்டிட்டுப் போங்க, எதிர் வூட்டுக்கு கேக்குற மாதிரி. மாசிக்குள்ள பேப்பரு வந்துடும்ல? எம்மாம் வேணா போடுங்க சார். ரசீதுல மட்டும் பீஸுன்னு எழுதிடாதீங்க.