டச்சப் பண்ணாத மூக்கு

எங்க அண்ணன் பெர்னார்ட நான் கடைசியா உயிரோட பாத்தது, நீங்க உக்காந்திருக்கீங்களே, இதே ஸ்டூல்லதான் தம்பி. அட, எந்திரிக்காதீங்க. ஸ்டூல் ஒண்ணும் பண்ணல. தாடைய கொஞ்சம் எறக்குங்க... ஆங்.

முடியாதுன்னா முடியாது லா. லைட் மாத்தறேன், தொப்பையகூட கொறைக்கறேன். மூக்கோரத்துல இருக்கற அந்த மருவ மட்டும் அழிக்க மாட்டேன். பொண்ணு வீட்டுக்கு அனுப்பற போட்டோன்னா என்ன? நாளைக்கு நேர்ல பாக்க வருவாங்கல்ல, அப்ப மூக்க வீட்டுல வெச்சிட்டா போவீங்க?

நாப்பது வருஷமா சிராங்கூன் ரோட்டுல இதே தொழில்தான். அப்பல்லாம் பென்சில ஊசி மாதிரி சீவி, நெகட்டிவ் மேலயே டச்சப். அம்மைத் தழும்பு, மரு, எல்லாம் போயிடும். ஜனங்க சந்தோஷமா போவாங்க... உங்கள மாதிரி மொறைக்க மாட்டாங்க.

அண்ணனுக்கு மூக்குல மூணு இருந்துச்சு. மஞ்சளா, அரிசி அளவுல. வலி கிலி கிடையாது. தஞ்சோங் பகார் துறைமுகத்துல வேலை, வெயில்ல வந்ததுன்னு விட்டுட்டோம். நாப்பத்தாறு வயசுல குடல்ல கேன்சர். ஆபரேஷனுக்கு முந்தின வாரம் வந்து உக்காந்தாரு. முடிஞ்சதும் வேளாங்கண்ணி போகணும், பாஸ்போர்ட் போட்டோ எடுன்னாரு. மூணையும் அழிச்சுக் குடுத்தேன். "யார்ரா இந்த மாப்பிள்ள?"ன்னு சிரிச்சிட்டுப் போனாரு. தீபாவளிக் கூட்டம்... கடைய விட்டுட்டு நான் ஆஸ்பத்திரிக்குப் போகல. அந்தப் போட்டோவத்தான் பெரிசாக்கி சவப்பெட்டி முன்னால வெச்சோம், அப்புறம் கடைச் செவுத்துல மாட்டிட்டேன். எங்க வீட்டுக்காரி பிரிஜட் இருந்தவரைக்கும் சொல்லுவா, பெரியவரு மூக்கு மாதிரியே இல்லையேன்னு. யாரு கேட்டா?

தாடைய எறக்குங்க. போன வருஷம் அண்ணன் மக பெதானிக்குக் கண் இமையில அதே மாதிரி ஒண்ணு. குடும்பத்துல யாருக்காச்சும் இருந்துச்சான்னு கிளினிக்ல கேட்டிருக்காங்க. அப்பா போனப்ப அவளுக்கு அஞ்சு வயசு, அம்மாவும் இப்ப இல்ல. எனக்குத்தான் போன் பண்ணா. நான் நிமிந்து அந்தச் செவுத்துப் படத்தப் பாத்தேன். மூக்கு பளிங்கு மாதிரி. உங்கப்பாவுக்கு ஒண்ணும் கிடையாதும்மான்னுட்டேன். பொய் சொல்லல தம்பி. இருபத்தஞ்சு வருஷமா அதையே பாத்துப் பாத்து நானே நம்பிட்டேன். என் கை வேலை அவ்ளோ சுத்தம் லா.

கிளினிக்லயும் சும்மா எண்ணெய்க் கட்டின்னு விட்டுட்டாங்க. எட்டு மாசம் போச்சு. ஒருநாள் அலமாரிய ஒழிக்கறப்ப அண்ணனோட துறைமுக பாஸ் கையில வந்துச்சு. அதுல, துறைமுக கேட்ல வெச்சு கம்பெனிக்காரன் எடுத்த படம். மூணும் அப்படியே முழிச்சிக்கிட்டு இருக்கு. ஷட்டரக்கூட எறக்காம டாக்சி புடிச்சு யீஷூனுக்கு, அவ வீட்டுக்கு ஓடினேன்.

வேற டாக்டர் அத வெட்டி சோதிச்சாரு. தோல் சுரப்பியில வர்ற கட்டியாம். எல்லா மருவும் அப்படி இல்ல, நீங்க பயப்படாதீங்க. ஆனா சில குடும்பத்துல, உள்ள கேன்சர் வரலாம்னு மூஞ்சியில முன்னாடியே எழுதிக் காட்டுமாம். ரத்தம் எடுத்துப் பாத்தாங்க, அதே பரம்பரைக் கோளாறுதான். குடலுக்குள்ள கேமரா விட்டாங்க. ரெண்டு சதை முளை. வெட்டி எடுத்தாச்சு. இன்னிக்குக் காலையில ரிப்போர்ட் வந்துச்சு, ரெண்டுலயும் கேன்சர் இல்ல. வருஷா வருஷம் பாத்துக்கிட்டா போதுமாம். காலையிலருந்து மூணு கிளாஸ் தே தாரிக் டீ குடிச்சிட்டேன், வாய் மூட மாட்டேங்குது. போன்ல அவ என்ன சொன்னா தெரியுமா? "சித்தப்பா, இனிமே யாரு மூக்குலயும் கை வெக்காதீங்க."

எனக்கும் செவ்வாக்கிழமை ரத்தம் எடுக்கறாங்க... எங்க கெளம்பிட்டீங்க? சரி, மொதல்ல டாக்டர்கிட்ட அந்த மருவக் காட்டுங்க, போட்டோ அப்புறம் எடுக்கலாம். போறதுக்கு முன்னாடி இதப் பாத்துட்டுப் போங்க தம்பி, அந்தப் பாஸ். இந்தக் கடையில அண்ணன் படம் நாப்பது அம்பது இருக்கு, எல்லாம் நான் டச்சப் பண்ணது. அவரு மூக்கு இருக்கறது இந்த ஒண்ணுல மட்டுந்தான். கட்டைவிரல் நகம் அளவு.