மூன்றாம் மாடிப் பிரிண்டர்

மூச்சு வாங்குகிறது உங்களுக்கு. உட்காருங்கள். செருப்பை மட்டும் வரிசையாக விடுங்கள். அது கோணலாகக் கிடந்தால் எனக்குப் பேச்சு ஓடாது. எதை முன்னால் வைப்பது, எதைப் பின்னால் வைப்பது என்பதில்தான் வியாபாரமே இருக்கிறது. என் மச்சினன் கம்ப்யூட்டரைப் பழுதுபார்க்க வந்த நீங்கள் அந்த ஒரு வரியைப் பார்த்துவிட்டீர்கள். ஆகவே சொல்லிவிடுகிறேன்.

எங்களுடையது குழாய்க் கடை. தரைத்தளத்தில் கடை, மூன்றாம் மாடியில் இந்தக் கிடங்கு. இரண்டுக்கும் தனித்தனி நெட்வொர்க், தனித்தனி பிரிண்டர். ஆனால் இரண்டு பிரிண்டருக்கும் ஒரே பெயர். இன்னொரு பெயர் யோசிப்பது வீண்செலவு என்றார் மாமனார். கடைக் கம்ப்யூட்டர்களோ இரண்டு நெட்வொர்க்கிலும் கால் வைத்தவை. அந்தப் பெயரைக் கேட்டால் இரண்டு பிரிண்டரின் முகவரியும் வரும். முன்னால் நிற்பதற்குத்தான் தாள் போகும். எது முன்னால் நிற்கவேண்டும் என்று ஒரு வரி எழுதிவைத்தால் கம்ப்யூட்டர் கேட்டுக்கொள்ளும். என்னுடையதில் கடையை முன்னால் நிறுத்தினேன். மச்சினனுடையதில் கிடங்கை.

காரணம் நியாயமானது. மாமனார் ஓய்வெடுக்கப்போகிறார், எங்கள் இருவரில் யாருக்குக் கல்லா என்று பார்த்துச் சொல்வதாக இருந்தார். மச்சினனுக்குத் தேன் தடவிய நாக்கு. பேரம் படிந்த கையோடு விலைச்சீட்டை அச்சடிப்பான். சீட்டு இங்கே வந்து விழும். அவன் ஏறி இறங்குவதற்குள் வாடிக்கையாளர் ஆறிப்போவார். ஆறியவரைச் சூடாக்கி என் பக்கம் உட்காரவைப்பது மனிதாபிமானம்.

"அத்தான், இந்தச் சனியன் ஏன் எனக்கு மட்டும் மேல போயே விழுது?"

"ராசி மச்சான். விடு, படி ஏறினா தொப்பை கரையும்."

அவன் முட்டி வீங்கியபோது தைலம் வாங்கிக்கொடுத்தது நான். பக்கத்தில் உட்கார்ந்து தேய்த்தும் விட்டேன். தேய்த்தால்தானே மறுபடி ஏறுவான்.

போன வாரம் மாமனார் கூப்பிட்டார். "மாப்பிள்ளை, உங்களுக்கு உக்காந்த இடத்துல வேர் விட்டுப்போச்சு. அவன் கால்ல சக்கரம் கட்டிக்கிட்டு ஓடறான். வியாபாரம் யார் வேணா பிடிக்கலாம். ஓடறவன்தான் கடையைக் காப்பாத்துவான். கல்லா அவனுக்கு. நீங்க மேல கிடங்கைப் பாத்துக்கங்க."

அதிலிருந்து அவன் அச்சடிப்பதெல்லாம் என் காலடியில் விழுகிறது. "அத்தான், சீட்டு" என்று கீழேயிருந்து குரல் வரும். எடுத்துக்கொண்டு இறங்குகிறேன். ஏறுகிறேன்.

அந்த வரியைத் திருத்த ஒரு நிமிடம் போதும் என்கிறீர்கள். தெரியும். தயவுசெய்து திருத்திவிடாதீர்கள். திருத்தினால் ஏதோ தப்பு நடந்ததுபோல் ஆகிவிடும். இரண்டு முகவரியும் சரியானவைதானே. நான் வரிசையை மட்டும்தான் பார்த்துக்கொண்டேன்.

எழுந்திருக்கும்போது அந்தத் தைலத்தை இப்படி நகர்த்துங்கள்.